பேரிக்காய் வெயில்

மூடுபாறையில் ஐப்பசி பிறந்து ஒன்பதாம் நாள், அடைமழை பிடித்து ஆறாம் நாள், சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள வீட்டில் ஒன்றுமில்லையே என்று பியூலா தான் செய்து வைத்திருந்த பேரிக்காய் ஜாம் பாட்டில்களில் ஒன்றைத் திறந்தாள், அதிலிருந்து வெயில் வந்தது. புரட்டாசி மாதத்துக் காலை பதினோரு மணி வெயில். அது முதலில் அவள் முகத்தில் அடித்தது, பிறகு சுவரில் ஏறியது, பிறகு தரையில் இறங்கி, சாப்பிட உட்கார்ந்திருந்த அவள் புருஷன் சாம்ராஜின் தட்டுக்குள் விழுந்தது. "கதவச் சாத்து, கண்ணு கூசுது" என்றான் அவன். கதவு சாத்தித்தான் இருந்தது. வெளியே ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பியூலா பாட்டிலுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள், மூன்று நாளாகக் கொடியில் ஈரமாகவே தொங்கிய துண்டை எடுத்துவந்து பாட்டிலுக்கு நேராக ஒரு நாற்காலியில் விரித்தாள், சாம்ராஜுக்கு இன்னொரு சப்பாத்தி வைத்தாள். அவன் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் துண்டு காய்ந்துவிட்டது.

எப்படி வந்தது, ஏன் வந்தது என்று கேட்கிறவர்கள் மழைக்காலத்தில் மூடுபாறையில் குடியிருந்தவர்களாக இருக்க முடியாது. பழனி மலைத்தொடரில் மேகம் வந்து படுத்துக்கொள்வதற்கென்றே ஏற்பட்ட பள்ளம் அது. ஐப்பசியில் போகிற வெயில் மார்கழி பாதியில்தான் திரும்பி வரும். அதுவரை உப்பு தண்ணீராகும், தீக்குச்சி பிசுபிசுக்கும், செருப்பில் பூசணம் பிடிக்கும், வேதப்புத்தகத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் வீட்டுத் துணியெல்லாம் புகை நாற்றத்தோடு காய்ந்தும் காயாமலும் தொங்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பாட்டிலிலிருந்து வெயில் வந்தால் யார் உட்கார்ந்து காரணம் கேட்பார்கள்? இன்னும் எத்தனை பாட்டில் இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். இன்னும் இருபத்தோரு பாட்டில் இருந்தது.

ஊர் அதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதலில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு பாட்டில் போனது, ஏனென்றால் பச்சைப்பிள்ளையின் துணி காயவில்லை. பிறகு பூண்டு உலர்த்துகிறவர்கள் வந்தார்கள், பிறகு மூட்டுவலிக்காரர்கள், பிறகு கல்யாணப் பத்திரிகை அடித்து வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்த ஒரு பெண் வீட்டார். மூடியைத் திறந்தால் வெயில், மூடினால் நின்றுவிடும். பாட்டில் எவ்வளவு நேரம் முற்றத்தில் திறந்து கிடந்ததோ அவ்வளவு நேரத்து வெயில் அதற்குள் இருந்தது, பெரும்பாலும் ஒரு மணி நேரம். தீர்ந்தபின் மிச்சமிருப்பது வெறும் ஜாம்தான், அதைப் பிள்ளைகள் நக்கிவிடுவார்கள். ஒன்பது மணி வெயிலையும் மூன்று மணி வெயிலையும் ஒரே அறையில் திறந்துவிட்ட கல்யாண வீட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிழல் விழுந்து, மாப்பிள்ளைக்குத் தலைசுற்றல் வந்தது, அதிலிருந்து ஒரு வீட்டில் ஒரு பாட்டில்தான் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. முற்றத்தில் வைத்திருந்தபோது மேலே விழுந்த நிழலெல்லாம் உள்ளே போயிருந்தன. ஒரு பாட்டிலில் பாதியில் மேகம் ஒன்று கடந்தது. இன்னொன்றைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் சுவரோரமாக ஒரு காக்கையின் நிழல் பறந்துபோகும், காக்கை இருக்காது. பிள்ளைகள் அதற்காகவே அந்தப் பாட்டிலைக் கேட்டு வாங்கினார்கள்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டிலிருந்து ஈரச் சேலையோடு பார்த்துக்கொண்டிருந்தவள் சாராள்.

சாராளும் பியூலாவும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள், ஓரகத்திகள். சாராள் மூத்தவள். பத்தொன்பது வருஷமாக மூடுபாறையில் ஜாம் என்றால் சாராள், சாராள் என்றால் ஜாம். ஊரில் பாதிப் பேருக்கு அவள் பெயர் மறந்துபோய் ஜாமக்கா என்றே கூப்பிட்டார்கள், அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. பிள்ளை இல்லை, நிலம் கொஞ்சம், புருஷன் ஆசீர் வாயில்லாப் பூச்சி. அவளுக்கென்று இருந்தது அந்தப் பெயர்தான். கல்யாணமான புதிதில் தோட்டக்கலைத் துறைக்காரர்கள் கீழே நகரத்தில் நடத்திய மூன்று நாள் பழம் பதப்படுத்தும் பயிற்சிக்குப் போய்வந்து, அவர்கள் கொடுத்த சான்றிதழையும் அதோடு கொடுத்த செய்முறைத் தாளையும் ஒரே கண்ணாடிச் சட்டத்தில் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தாள். அவள் ஜாம் செய்வதைப் பார்ப்பது கோயிலில் ஆராதனை பார்ப்பதுபோல. காயைத் தோல்சீவி, நடுத்தண்டை எடுத்து, ஒரே அளவாக நறுக்கி, அடிகனத்த பாத்திரத்தில் மசிய வேகவிட்டு, சர்க்கரை போட்டு, எலுமிச்சை பிழிந்து, மரக்கரண்டியால் ஓயாமல் கிண்டி, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார்ப்பாள். சொட்டின் மேலே சுருக்கம் விழ வேண்டும். விழுந்தால் வெந்நீரில் கொதித்த பாட்டிலில் சூட்டோடு ஊற்றி, சூட்டோடு மூடி, தலைகீழாகக் கவிழ்த்துவைப்பாள். அவள் ஜாமைக் கத்தியால் வெட்டலாம். ஒவ்வொரு வருஷமும் அறுப்பின் பண்டிகையன்று, ஊரார் தங்கள் முதல் விளைச்சலைக் கொண்டுவந்து வைக்கும் காணிக்கை மேஜையில், பூண்டுக்கும் காரட்டுக்கும் பூசணிக்கும் நடுவில், வெள்ளைத் துணி விரித்த இடத்தில் சாராளின் ஜாம் பாட்டில்தான் இருக்கும். ஆசீர்வாதம் முடிந்ததும் அவளே எழுந்துபோய் எல்லோருக்கும் முன்னால் மூடியைத் திறப்பாள். சபை முழுவதும் ரொட்டித் துண்டில் ஆளுக்குக் கொஞ்சம் தடவிச் சாப்பிடும்.

வீடு பிரித்தபோது பெரிய சமையலறை சாராளுக்கு வந்தது, அப்படி வருமாறு அவளே பார்த்துக்கொண்டாள். பியூலாவுக்கு ஒரு இடுக்கு, அதில் ஆள் நின்றால் பாத்திரம் வைக்க இடமில்லை. பேரிமரம் எல்லைக்கோட்டிலேயே நின்றதால் கிளைகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் பியூலா, "அக்கா, எனக்கும் ஜாம் செய்யச் சொல்லிக்குடுங்க, உங்க கைப்பக்குவம் எனக்கும் வரட்டும்" என்று வந்து கேட்டாள். சாராள் சொல்லிக்கொடுத்தாள், எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள், எலுமிச்சையை மட்டும் சொல்லவில்லை. எலுமிச்சை பிழியாத பேரிக்காய் ஜாம் எத்தனை கிண்டினாலும் சேராது, கஞ்சித் தண்ணியாக ஓடும். பியூலாவின் ஜாம் நான்கு வருஷமும் ஓடியது. "பரவால்லக்கா, எனக்கு அவ்வளவுதான் வருது" என்று அவள் சிரித்தாள், சாராள் மனசுக்குள் குளிர்ந்தாள். அப்படியும் போதவில்லை, எங்கே எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டுவிடுவாளோ என்று மரத்தின் இரண்டு பக்கமும் மூங்கில் தட்டி கட்டி, அதையும் போன வருஷம் ஒரு முழம் உயர்த்திவிட்டாள்.

ஆகவே வெயில் வந்த வழி சாராளுக்கு மட்டும் தெரியும். ஜாம் கெட்டியாக இருந்தால் அதற்குள் வெயில் எங்கே நுழையும்? ஓடுகிற ஜாம், அதனால் நுழைந்தது. சமையலறையில் இடமில்லை, அதனால் பியூலா முற்றத்தில் அடுப்பு மூட்டி, முற்றத்திலேயே பாட்டில்களை நிரப்பி, மூடியைத் தேடுவதற்குள் வேறு வேலை வந்து அப்படியே திறந்துபோட்டுவிட்டுப் போனாள். சூட்டோடு மூடாத ஜாம் கெட்டுப்போகும் என்று தட்டிக்கு மேலாக இவளே எத்தனை தடவை கத்தியிருக்கிறாள்! ஊர் கொண்டாடும் அந்த வெயில் தன்னுடைய கள்ளத்தனத்தில் பிறந்தது. பெருமையாக வெளியே சொல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது. வயிறு எரிந்தது என்றால் சும்மா சொல்வதல்ல, நிஜமாகவே எரிந்தது, மோர் குடித்துப் பார்த்தாள், சீரகத் தண்ணீர் குடித்துப் பார்த்தாள், நிற்கவில்லை.

ஊரில் எல்லார் வீட்டுத் துணியும் காய்ந்தது, சாராள் வீட்டுத் துணி காயவில்லை. பியூலா முதல் வாரமே ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள். "எங்க வீட்டுல துணி நல்லாத்தான் காயுது" என்று சாராள் கதவைச் சாத்தினாள். பிறகு ஈர ரவிக்கையும் ஈரச் சேலையும் கட்டிக்கொண்டு, தும்மிக்கொண்டு, நடமாடினாள். அவள் நடந்துபோன இடத்தில் தரையில் சொட்டுச் சொட்டாக வரிசை கிடந்தது. தலையணையில் காளான் முளைத்தது, அதையும் பிடுங்கிக் குழம்பு வைத்துவிட்டாள். முதலில் அவள் கோழி ஒன்று தட்டிக்கு அடியில் நுழைந்து அந்தப்பக்கம் போய் வெயிலில் சிறகை விரித்துப் படுத்துக்கொண்டது, மற்றக் கோழிகளும் பின்னாலேயே போயின. கடைசியில் ஒருநாள் ஆசீர், முழங்கால் குடைகிறது என்று சொல்லிக்கொண்டே, பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தம்பி வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார்.

திரும்பி வந்தபோது அவர் சட்டை காய்ந்திருந்தது. மொடமொடவென்று இருந்தது.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"சும்மா, அந்தப்பக்கம்."

"அந்தப்பக்கம் என்ன இருக்கு?"

ஆசீர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "வெயிலு" என்றார்.

அன்றைக்கு அவள் அவருக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றவில்லை.

கார்த்திகை முதல் ஞாயிறு அறுப்பின் பண்டிகை. அதற்குப் பதினைந்து நாள் இருக்கும்போது போதகர் குடையை மடக்கியபடி சாராள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடவே பெண்கள் சங்கத்திலிருந்து நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் தலைகுனிந்தபடி பியூலா. போதகர் மழையைப் பற்றிப் பேசினார், பூண்டு விலையைப் பற்றிப் பேசினார், ஆசீரின் முழங்காலை விசாரித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இந்த வருஷம் நடுவுல வைக்கிறதுக்கு, சபையில எல்லாரும் என்ன நினைக்கிறாங்கன்னா, கர்த்தர் நம்ம ஊருக்குக் கொடுத்த விசேஷமான கனி ஒண்ணு இருக்கும்போது..."

"வேண்டாம் ஐயா" என்று பின்னாலிருந்து பியூலா குறுக்கிட்டாள். "எப்பவும்போல அக்கா பாட்டிலே இருக்கட்டும். நான் அப்பவே சொன்னேன்ல."

சாராளுக்கு அதுதான் தாங்கவில்லை. பிடுங்கியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இவள் விட்டுக்கொடுக்கிறாள், அதுவும் நான்கு பேர் பார்க்க, அதுவும் காய்ந்த சேலை கட்டிக்கொண்டு. "எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாம்" என்றாள். "என் பாட்டில்லயும் வெயில் இருக்கு. இவ்வளவு நாளாத் திறக்கல, அவ்வளவுதான். பண்டிகையன்னிக்குத் திறக்கிறேன், பாருங்க. இல்லாட்டி அந்த மேஜைப் பக்கமே இனி நான் வரமாட்டேன், என்னை யாரும் ஜாமக்கான்னு கூப்பிடவும் வேண்டாம்."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. போதகர், "சந்தோஷம்மா" என்று குடையை விரித்தார்.

மரத்தில் அவள் பங்குக் கிளைகளில் அணில் கடித்ததும் பிந்திப் பழுத்ததுமாகப் பதினேழு காய்கள் மிச்சமிருந்தன. மழையில் நனைந்துகொண்டே பறித்தாள். பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் கை தானாக எலுமிச்சைக்குப் போனது, இழுத்துப் பிடித்தாள். சேராத ஜாம் செய்வது சேருகிற ஜாம் செய்வதைவிடக் கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓடுகிற அந்தக் குழம்பைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஒரே ஒரு பாட்டில் தேறியது. இனி வெயில் வேண்டும். வெயிலோ இல்லை. ஒரு நாள் போனது, மூன்று நாள் போனது, பத்து நாள் போனது. ஒவ்வொரு விடியலிலும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள், வானம் அலுமினியப் பாத்திரத்தின் அடிப்பக்கம்போல இருந்தது. பியூலா வீட்டிலிருந்து ஒரு பாட்டில் வாங்கி அதன் வெயிலைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் அதைத் துரத்தினாள்.

பண்டிகைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, யாரும் எதிர்பார்க்காமல், மேகம் விலகி முழுசாக ஒரு பகல் வெயில் அடித்தது. ஊரே பாயும் தலையணையுமாக வெளியே வந்தது. சாராள் பாட்டிலை எடுத்துவந்து தட்டியோரமாக ஒரு கல்லின்மேல் வைத்து மூடியைத் திறந்தாள். பியூலா மறதியில் ஒரு மணி நேரம் வைத்தாள் அல்லவா, இவள் விடமாட்டாள், விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் வைப்பாள். ஈ விழக்கூடாது, எறும்பு ஏறக்கூடாது, கோழி கொத்தக்கூடாது, ஆகவே பக்கத்திலேயே மரக்கரண்டியோடு காவல் நின்றாள். சும்மா நிற்க முடியுமா? தட்டிக்கு அந்தப்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. சாராள் எக்கிப் பார்த்தாள்.

பியூலா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பியூலா தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடியை முதுகில் விரித்துவிட்டு வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், அந்த முடி ஏன் இன்னும் நரைக்கவில்லை? பியூலாவோடு பேச யார் யாரோ வந்தார்கள், வந்தவர்கள் எல்லாம் போக மனசில்லாமல் உட்கார்ந்தார்கள். தன் வீட்டுக்கு வருகிறவர்கள் பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்களே, உட்கார்ந்ததே இல்லையே என்று சாராள் நினைத்துப் பார்த்தாள். ஆசீர் அங்கேதான் இருந்தார். பியூலா ஏதோ சொல்ல, அவர் பேப்பரை இறக்கிவிட்டுச் சிரித்தார். அவருக்கு ஒரு கடைவாய்ப் பல் இல்லாதது அந்தச் சிரிப்பில்தான் சாராளுக்குத் தெரிந்தது. அது எப்போது விழுந்தது? பத்து மணிக்கு எக்கியவள் மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. கெண்டைக்கால் மரத்துப்போயிற்று, கழுத்து சுளுக்கிற்று, வெயில் உச்சிக்கு ஏறி மறுபக்கம் இறங்கிற்று, அவள் குதிகால் தரையில் படவில்லை. ஒரு தடவைகூட அந்தப்பக்கத்திலிருந்து யாரும் இவளைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் அவள் கணக்கு. வெளிச்சம் அடங்கியதும் பாட்டிலை மூடிக்கொண்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் போனாள்.

பண்டிகையன்று காலையிலிருந்தே மழை. கோயிலுக்குள் ஈரக் குடைகளும் ஈரச் சால்வைகளும் ஈரக் கம்பளி வாசனையும் நிறைந்திருந்தன. பாட்டெல்லாம் பாடி, ஜெபமெல்லாம் முடிந்து, போதகர் காணிக்கைகளை ஆசீர்வதித்ததும் சாராள் இரண்டாம் வரிசையிலிருந்து எழுந்தாள். ஈரச் சேலை காலைச் சுற்றிக்கொண்டது. மேஜைக்குப் போகும் பத்தடியில் அவளுக்குப் பத்தொன்பது வருஷமும் ஞாபகம் வந்தது. கர்த்தாவே, வரணும், என்று முணுமுணுத்தபடி மூடியைத் திருகினாள்.

வந்தது.

அப்படி ஒரு வெயிலை மூடுபாறை பார்த்ததில்லை. விடியற்காலை வெயிலில் தொடங்கியது, இளஞ்சூடாக, வெளேரென்று. அத்தனையும் நெருக்கியடித்து இருந்ததாலோ என்னவோ, மற்றப் பாட்டில் வெயிலைவிட வேகமாக நகர்ந்தது. கோயில் முழுக்கப் பரவி, கூரையின் மரச்சட்டங்களைத் தொட்டு, கடைசி வரிசையில் இருமிக்கொண்டிருந்தவர்களின் மடிவரைக்கும் வந்தது. "முழுப் பகல்!" என்று யாரோ கத்தினார்கள். "ஒரு முழுப் பகலையே பிடிச்சு வச்சிருக்காங்கய்யா ஜாமக்கா!" சாராள் தலையை நிமிர்த்தினாள். அந்தச் சில நிமிடங்கள் அவள் வாழ்க்கையில் அவளுக்கே அவளுக்கென்று கிடைத்தவை. பியூலா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று திரும்பித் தேடினாள், அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டாமா?

வெயில் பத்து மணிக்கு ஏறியபோது பீடத்துக்குப் பின்னால் வெள்ளைச் சுவரில் ஒரு நிழல் விழுந்தது. ஒரு பொம்பளையின் நிழல். நுனிக்காலில் நின்றது, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது, ஒரு கையில் மரக்கரண்டி, மறுகையில் தட்டியின் விளிம்பு. தலையில் ஊருக்கே தெரிந்த அந்தச் சின்னக் கொண்டை. காக்கை நிழலாவது பறந்துபோய்விடும். இது போகவில்லை. வெயில் நகர நகரச் சுவரில் அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது, குட்டையாயிற்று, மறுபடி நீண்டது, எக்கிய குதிகால் மட்டும் இறங்கவேயில்லை. பதினொன்று. பன்னிரண்டு. ஒன்று. இருநூறு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் அந்தத் தட்டி எது, அந்தப்பக்கம் யார் வீடு என்று தெரியாதவர் அந்தக் கோயிலில் ஒருவரும் இல்லை. ஒரு குழந்தை நிழலைப் பார்த்துக் கையை ஆட்டியது.

மூடியை மூடிவிடலாம் என்று சாராளுக்குத் தோன்றாமல் இல்லை. கை வரவில்லை. அவமானத்தில் ஆள் மரத்துப்போவது உண்டு, அப்படி நின்றாள். அப்போது மூன்றாம் வரிசையில் ஒரு அம்மாள் தன் ஈரச் சால்வையை உதறி, முன்னால் வந்து, பீடத்தருகே கம்பியில் விரித்துப் போட்டாள். போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தாள். "ஜாமக்கா, நிழலு கொஞ்சம் மறைக்குது, பாட்டில அந்தாண்ட நகத்தி வைங்களேன்." அவ்வளவுதான். அதன்பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள், சால்வையும் ஸ்வெட்டரும் காலுறையும் பெஞ்சுகளின்மேல் விரிந்தன. போதகர்கூட, ஒட்டிப்போன தன் வேதப்புத்தகத்தைத் திறந்து வெயிலில் வைத்தார். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, துணி காய வேண்டுமே.

பியூலா எழுந்து வந்து சாராளுக்குப் பக்கத்தில் நின்றாள். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நுனிக்கால்லயே நின்னுருக்கீங்களேக்கா" என்றாள். "கால் வலிச்சிருக்குமே."

சாராள் என்னவெல்லாமோ எதிர்பார்த்திருந்தாள், இதை எதிர்பார்க்கவில்லை. "எலுமிச்சம்பழம் பிழியணும்டி" என்றாள். "ஜாம் சேரணும்னா எலுமிச்சம்பழம் பிழியணும். உனக்கு நான் சொல்லல. வேணும்னேதான் சொல்லல."

"தெரியுமேக்கா."

"என்ன தெரியும்?"

"உங்க முன்னறையில சட்டம் போட்டு மாட்டியிருக்கீங்கல்ல, செய்முறையெல்லாம். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கேக் கொண்டாரும்போது அதுக்கு நேராத்தானே உக்காரச் சொல்வீங்க. மூணாவது வரியில போட்டிருக்கு, ரெண்டு எலுமிச்சம்பழம்னு."

பத்தொன்பது வருஷமாகத் துடைத்துத் துடைத்து வைத்த கண்ணாடி. "அப்புறம் ஏன் பிழியல?"

பியூலா தோளைக் குலுக்கினாள். "ஊருக்கு ஒரு ஜாமக்கா போதும்னு விட்டுட்டேன். என்னுது ஓடுச்சுன்னா உங்களுக்கு ஒரு சந்தோஷம். சாம்ராஜுக்கு ஓடுனாலும் ஓடாட்டாலும் ஒண்ணுதான், அவரு எதப் போட்டாலும் சாப்பிடுவாரு."

அந்த நிமிஷம் சாராளுக்கு வந்த பொறாமைக்கு முன்னால் அதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. வெயிலுக்குப் பட்ட பொறாமை, முடிக்குப் பட்ட பொறாமை, வந்து உட்கார்கிற ஜனங்களுக்கும் ஆசீரின் சிரிப்புக்கும் பட்ட பொறாமை எல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு. நான்கு வருஷம் ஒன்றைத் தெரிந்துகொண்டு, சொல்லிக்காட்டாமல், சிரித்துக்கொண்டு இருக்க இவளால் எப்படி முடிந்தது? தன்னால் நான்கு நாள் முடியுமா? முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது, அதுதான் சுட்டது. இதையும் இவளுக்கே கொடுத்துவிட்டாயே கர்த்தாவே என்று கோயிலுக்குள் நின்றே முறையிட்டாள். அந்தக் கோபத்தில் இடுப்பில் கை வைத்தபோதுதான் சேலை காய்ந்திருப்பது தெரிந்தது. செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க வெயிலில் நின்றும் உறைக்காத சூடு இப்போதுதான் உடம்பில் ஏறியது. வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை, அந்தி சாயும்வரை அங்கேயே நின்றாள்.

அன்றோடு அந்தப் பாட்டிலின் பகல் தீர்ந்துபோனது. மறு வருஷம் ஆவணியிலேயே மரம் காய்த்துக் குலுங்கியது. புரட்டாசி பிறந்ததும் சாராள் இரண்டு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுபோய் பியூலாவின் முற்றத்து அடுப்போரம் வைத்துவிட்டு வந்தாள். பியூலா அதைச் சர்பத் போட்டு ஆசீருக்கும் சாம்ராஜுக்கும் கொடுத்தாள். ஜாமில் பிழியவில்லை. "ஊருக்கு வெயில் வேணுமேக்கா" என்று தட்டிக்கு அந்தப்பக்கமிருந்து சத்தம் கொடுத்தாள். காணிக்கை மேஜை நடுவில் வைப்பதற்குச் சாராள் தன் பாணியில், கத்தியால் வெட்டுகிற மாதிரி, கெட்டியாக ஒரு பாட்டில் செய்தாள். ஜனங்கள் முன்போலவே அவளை ஜாமக்கா என்றார்கள், வெயிலுக்குப் பியூலா வீட்டுக்குப் போனார்கள்.

பியூலா பாட்டில்களை முற்றத்தில் பரப்பிய முதல் நாள், அந்தப்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கவும் சாராளின் கால்கள் தாமாகத் தட்டியோரம் போயின. அங்கே, போன வருஷம் அவள் நின்ற அதே இடத்தில், மண்ணைச் சமன் செய்து ஒரு தட்டையான கல் போட்டிருந்தது. ஒரு சாண் உயரம், இரண்டு பாதம் வைக்கிற அகலம், ஆடாமல் இருக்க அடியில் சில்லு கொடுத்திருந்தது. அவள் போட்டதல்ல. ஆசீரிடம் கேட்டாள், அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "எனக்குத் தெரியாது" என்றார், அவருக்குத்தான் பொய் சொல்ல வராதே, அப்படியானால் இது அந்தப்பக்கத்தவள் வேலைதான். சாராளுக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. கல்லைப் பெயர்த்து அந்தப்பக்கம் எறிய வேண்டும் என்று குனிந்தாள், கனமாக இருந்தது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினாள். குதிகால் நன்றாகப் பதிந்தது. அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது.